இரண்டாம் சுற்றில் கேட்டது

எங்கள் லயத்தில் பெரியவர் என்று ஒருவர் இருந்தார். அந்த வரிசை வீடுகளில் அவருக்கு ஒரு காம்பரா கிடையாது. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு அவர் ஒரு நாளும் வந்ததில்லை. அவர் முகத்தையும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வாயைத் திறந்தால், பீலித் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருக்கும் பெண்கள்கூடக் கையை நிறுத்தி எங்கள் வாசல் பக்கம் திரும்புவார்கள். அவர் ஒரு சின்னக் கறுப்பு இசைத்தட்டுக்குள் குடியிருந்தார். அந்தத் தட்டு என் மாமாவுடையது.

மாமா என் அம்மாவின் தம்பி. தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை அரைக்கும் ரோலர் மெசினைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அம்மா மிடில்ஈஸ்ட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். நான் தவழும் வயதிலேயே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டதால், என்னை வளர்க்கும் பொறுப்பு மாமா, அத்தை தலையில் விழுந்தது. விழுந்தது என்பது அத்தையின் கணக்கு. மாமாவின் கணக்கில் நான் அவருக்கு வாய்த்த ரசிகை.

இன்றைக்கு என் கைபேசியில் ஒரு விரலை வைத்தால் உலகத்துப் பாட்டெல்லாம் வந்து கொட்டுகிறது. அந்த நாளில் மாமாவிடம் இருந்தது ஒரே ஒரு பெட்டி. தோட்டத்துப் பெரிய துரை மாற்றலாகிப் போனபோது, பங்களாவின் பின்னறையில் கிடந்த வேண்டாத சாமான்களை எரிக்கச் சொன்னார்கள். எரிக்கப் போனவர்களில் மாமாவும் ஒருவர். மற்றவர்கள் திரைச்சீலை, தகரப்பெட்டி என்று எடுத்துக்கொண்டு வர, மாமா ஒரு பழைய ரெக்கோட் பிளேயரையும் ஒரு பெட்டித் தட்டுகளையும் தலையில் சுமந்து வந்தார். அத்தை அன்றைக்கு அவரோடு பேசவில்லை. திரைச்சீலை கிடைக்காத வருத்தம் அவருக்குக் கடைசி வரைக்கும் இருந்தது.

அந்தத் தட்டுகளில் இருந்த பாட்டுக்கு சோல் என்று பெயர். அமெரிக்காவில் கறுப்பு மக்கள் பாடியது. லயத்தில் யாராவது கேட்டால் மாமா இப்படித்தான் விளக்குவார்: "அவுங்களும் தோட்டத்துச் சனந்தான். பருத்தித் தோட்டம். பஜனைக்குப் போயி சாமிகிட்டக் கத்துற மாதிரியே பொண்டாட்டிகிட்டயும் கத்துறாங்க. அதான் சோல்." கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பொண்டாட்டியிடம் கத்துவதற்குத் தட்டு எதற்கு என்று அத்தை மட்டும் உள்ளேயிருந்து கேட்பார்.

பாடகர்களின் பெயர்களை வாசிக்கும் அளவுக்கு மாமாவுக்கு ஆங்கிலம் போதாது. அவரே பெயர் வைத்துவிட்டார். ஒருவர் கெஞ்சுறவர். ஒருத்தி கோவக்கார அக்கா. அட்டைப்படத்தில் ஒரே மாதிரிச் சட்டை போட்டு நின்ற ஐந்து பேர் கல்யாண மாப்பிள்ளைகள். பெட்டியில் இருந்ததெல்லாம் சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிய தட்டுகள். ஒன்றே ஒன்று மட்டும் கையகலம், நடுவில் பெரிய ஓட்டையோடு. அதன் மேலிருந்த காகிதத்தைப் பூச்சி அரித்துவிட்டிருந்தது. பெயர், ஊர், எண் ஒன்றும் இல்லை. மாமா தேயிலைப் பெட்டிப் பலகையில் வட்டமாக ஒரு கட்டை சீவி, அந்த ஓட்டையை அடைத்து, அதை ஓட விட்டார். அதற்குள்ளேதான் பெரியவர் இருந்தார்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? நான் பிறகு எத்தனையோ பாட்டுக் கேட்டுவிட்டேன், அப்படி ஒன்றைக் கேட்கவில்லை. ஆழத்திலிருந்து, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் தூக்க முடியாமல் தூக்கிக் கொண்டுவந்து வைக்கும் குரல். பின்னால் கைதட்டல் கேட்கும். ஒரு கைதட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒருவர் எழுந்து நின்று உட்காரலாம். பெரியவரைப் போடுமுன் மாமா கை கழுவுவார். நானும் கழுவுவேன். கடவுள் ஒரு நாள் எங்கள் லயத்துக்கு வந்து பேசினால் இந்தக் குரலில்தான் பேசுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவர் பாடி முடித்த பிறகு கொஞ்ச நேரம் எனக்குச் சிணுங்கவோ தீனி கேட்கவோ தோன்றாது. அதற்காகவே அத்தை பெரியவரைச் சகித்துக்கொண்டார்.

என்னிடமும் ஒரு குரல் இருந்தது. அம்மாவின் கேசட்.

அம்மா வேலை பார்த்த ஊரிலிருந்து திரும்பிவந்த பண்டாரவளைப் பெண் ஒருத்தி அதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். எங்களிடம் இருந்த சின்னக் கேசட் பிளேயரில் வயர் செருகும் இடம் பழுது. பேட்டரியில்தான் ஓடும். புது பேட்டரி வாங்குவது தீபாவளிக்குப் புதுச்சட்டை எடுப்பது மாதிரி. மற்ற நாளெல்லாம் பழையதை வெயிலில் காயவைத்துப் போடுவோம். கேசட் வந்த அன்றும் வெயிலில் காய்ந்த பேட்டரிதான். லயமே வந்து சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் அழுது, மூக்கைச் சிந்தி, ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல் போயிற்று. கூட்டம் கலைந்த பிறகு அது எனக்கு மட்டும் சொந்தமானது. நான் நல்லா இருக்கேன், வேளைக்குச் சாப்பிடுறேன், மேடம் நல்லவுங்க, பாப்பா படிக்கணும், அத்தை சொல்றதக் கேக்கணும். இவ்வளவுதான். ஆனால் அதை அம்மா மெதுவாக, தடித்த குரலில், ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நீளமாக மூச்சு விட்டுச் சொல்வாள். அங்கே நல்ல சாப்பாடு, அதனால்தான் குரல் தடித்துவிட்டது என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்த நீளமான மூச்சில்தான் நான் தூங்குவேன். பள்ளிக்கூடப் பையில், தலையணைக்கடியில், போகும் இடமெல்லாம் அது என்னோடு இருந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா பண்டாரவளைக்குப் போவார். அங்கே ஒரு ரேடியோ திருத்தும் கடை. கடைக்காரர் சிங்களவர். எல்லோரும் அவரை பாஸ் என்பார்கள். மாமாவை அவர் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி என்பார். மதியத்துக்கு மேல் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, பின்னறையில் நாலு பேர் கூடுவார்கள். மலைநாட்டில் சோல் பாட்டுக்காக உயிரை விடுகிறவர்கள் அந்த நாலு பேர்தான் என்று மாமா சொல்வார். பாஸ் ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த மாஸ்டர் ஒருவர். லண்டனில் இருந்த தம்பி அவருக்குத் தட்டுகள் அனுப்புவாராம். மூன்றாவது, பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. தேவாலயத்துப் பாடகர் குழுவை ஆட்டி வைப்பவர். மிஸ்ஸி என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். நாலாவது என் மாமா.

"புள்ளையவும் கூட்டிட்டுப் போங்க. அப்பத்தான் நேரத்தோட வீடு திரும்புவீங்க" என்று அத்தை சொல்லிச் சொல்லி, ஐந்தாவதாக நானும் சேர்ந்தேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு தட்டையும் இரண்டு சுற்றுக் கேட்பார்கள். முதல் சுற்று பாட்டுக்கு. தலையாட்டலாம், தாளம் போடலாம், மீன் வைத்த மாலுபாண் தின்னலாம். இரண்டாம் சுற்றில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாடுகிறவரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். முடிந்ததும் ஆளுக்கொன்று சொல்லவேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டு நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பேன். மேளக்காரனுடைய நாற்காலி கிரீச்சிட்டது என்பார் பாஸ். பின்பாட்டுப் பாடிய மூன்று பெண்களில் நடுவில் நின்றவளுக்குச் சளி பிடித்திருக்கிறது என்பார் மிஸ்ஸி. மறுபடி போட்டுப் பார்த்தால் அது அப்படியே இருக்கும். எங்கேயோ, எந்தக் காலத்திலோ ஒரு பெண்ணுக்குப் பிடித்த சளியைப் பண்டாரவளையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கிறார்களே! அவர்களைப் பார்க்கவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். என் மனதில் இருப்பதும் கேட்டுவிடுமோ என்று வாயைக் கையால் பொத்திக்கொள்வேன். மிகமிக அபூர்வமாக, இரண்டாம் சுற்று முடிந்தும் ஒருவரும் பேச மாட்டார்கள். அதுதான் அங்கே முதல் பரிசு.

மற்ற நேரமெல்லாம் சண்டைதான். மாஸ்டருக்குப் பாட்டு பட்டாக இருக்க வேண்டும். "வயலின், பின்பாட்டு எல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி நிக்கவேணும் ஐசே" என்பார்.

"இஸ்திரி போட்டா சோல் எங்க மாஸ்டர் இருக்கும்? பாடுறவனுக்கு வேர்க்கணும். சட்டை ஒட்டிக்கணும்" என்பார் மிஸ்ஸி.

பாஸுக்குப் புதுப்பாட்டுகள் மேலேயே கோபம். கொழும்பு எஃப்எம்மில் வருவதைக் கேட்டு நொந்துபோயிருந்தார். "இப்ப பாட்டில மனிசன் இல்ல மல்லி. எல்லாம் கொம்பியூட்டர் அடிக்கிறது."

"மேளத்த யாரு அடிச்சா என்னாங்க பாஸ்? பாடுறவன் மூச்சு வாங்குறது கேக்குதா, அது போதும்" என்பார் மாமா. பிறகு மெதுவாக, "எங்கிட்ட ஒருத்தர் இருக்காரு" என்று ஆரம்பிப்பார்.

பெரியவரைப் பற்றித்தான். எல்லோரிடமும் நல்ல மெசின், பெயர் போட்ட தட்டுகள். மாமாவிடம் பெரியவர். அவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் மாமா நிமிர்ந்து உட்காருவார். கொண்டுவாருங்கள், கொண்டுவாருங்கள் என்று மூன்று பேரும் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். ரயில் நெரிசலில் உடைந்துவிடும் என்று மாமா தட்டிக் கழித்து வந்தார். கடைசியில் ஒரு ஞாயிறு, அத்தையின் சேலைத்துணியில் சுற்றி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டார். தெமோதரையில் ரயிலேறியதிலிருந்து அந்தப் பொட்டலம் அவர் மடியில், என் பை என் மடியில். எல்ல தாண்டும்போது பனி இறங்கி ஜன்னல் வெளுத்தது. மாமா வெளியே பார்க்கவே இல்லை.

"பாப்பா, இன்னைக்குப் பாரு. ஒருத்தரும் பேச மாட்டாங்க" என்றார்.

பின்னறையில் பாஸ் தட்டை வாங்கிப் பார்த்தார். மாமா சீவி வைத்திருந்த பலகைக் கட்டையைப் பார்த்துச் சிரித்து, அதைக் கழற்றி, தன்னிடமிருந்த பிளாஸ்டிக் கட்டையைப் போட்டார். மெசினில் ஏதோ விசையைத் தட்டினார். ஊசி இறங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டேன், லயத்தில் செய்வது போல.

டும்டும் என்று மேளம் துள்ளிக்கொண்டு வந்தது. கைதட்டல் கடகடவென்று விழுந்தது. அதற்கு மேல் ஒரு சின்னப் பெண் பாடினாள். என்னை விட நாலைந்து வயது கூட இருக்கலாம். மூக்கு அடைத்த, கூர்மையான, குதூகலமான குரல்.

"பாஸ், தட்டு மாறிப்போச்சுங்க" என்றார் மாமா.

"ஒண்டுதானே மல்லி கொண்டந்தது?"

மாமா எழுந்துபோய்த் தட்டைக் குனிந்து பார்த்தார். அவர் தட்டுதான். ஓரத்தில் இருந்த கீறல்கூட அதேதான். பாஸுக்கு அப்போதுதான் விளங்கியது. பெரிய தட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும், சின்னத் தட்டு வேகமாகச் சுற்ற வேண்டும், மெசினில் அதற்கென்று ஒரு விசை இருக்கும் என்று சொன்னார். மாமாவின் பிளேயரில் அந்த விசை எந்தக் காலத்திலோ உடைந்து ஒரே இடத்தில் இறுகிப்போயிருந்தது. இத்தனை வருஷமும் எங்கள் லயம் கேட்டது, ஒரு சிறுமியை முக்கால் வேகத்தில்.

மாஸ்டர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். "உம்மட பெரியவர் பள்ளிக்கூடம் போற பிள்ளை ஐசே!"

மாமா பலகைக் கட்டையை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மாஸ்டரைக் கடிக்க வேண்டும் போல இருந்தது.

"சிரிக்காதீங்க மாஸ்டர். ரெண்டாஞ்சுத்துப் போடுங்க பாஸ்" என்றார் மிஸ்ஸி.

கண்ணை மூடினார்கள். முடிந்ததும் பாஸும் மாஸ்டரும் ஏதோ சொன்னார்கள். மிஸ்ஸி சொன்னது மட்டும் எனக்கு அச்சாக நினைவிருக்கிறது. "பின்னால வயசான பொம்பள ஒருத்தி கூடவே முணங்குறா. அம்மாவா இருக்கும். புள்ள தடுமாறுற எடத்துல மட்டும் அவ சத்தம் ஏறுது. புள்ள சரியானதும் எறங்கிடுது." பிறகு மாமாவைப் பார்த்தார். "தம்பி, இப்ப ஒங்க வீட்டுல கேட்ட மாதிரிப் போடச் சொல்லுங்க."

பாஸ் விசையைத் தட்டினார். பெரியவர் வந்தார்.

அந்த நல்ல மெசினில், அந்தப் பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கரில் அவர் எங்கள் லயத்தில் பாடியதை விட இன்னும் ஆழத்திலிருந்து பாடினார். பின்னால் முணங்கிய பெண்ணின் குரல் மலைக்கு அந்தப் பக்கம் இடி உருளுவது போல இருந்தது. அந்தச் சிறுமியும் இருக்கிறாள், பெரியவரும் இருக்கிறார், இருவரும் ஒரே தட்டில் இருக்கிறார்கள். இது எப்படி ஆகும் என்று யாரும் ஆச்சரியப்படவே இல்லையே என்று எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. பாட்டு முடிந்தது. ஊசி கரகரத்துக்கொண்டு சுற்றியது. ஒருவரும் பேசவில்லை. மாஸ்டர் மாமாவின் தோளில் கையை வைத்து, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

அந்த அமைதியை நான்தான் கெடுத்தேன்.

"மாமா, அப்ப அம்மா?"

"என்னாடா?"

"நம்ம வீட்டுல அம்மா பேசுறதும் இப்பிடித்தானா? அதுவும் அம்மா இல்லயா?"

மாமாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது, "சேச்சே, அது பேட்டரி" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் பையைத் திறந்து கேசட்டை எடுத்தேன். பெரியவரைப் பறிகொடுத்தது எனக்குத் தாங்கும். அம்மா வேறு யாரோவாக இருந்தால் நான் யாரோடு தூங்குவது? கேசட்டைப் பாஸிடம் நீட்டிக்கொண்டு தேம்ப ஆரம்பித்தேன். அவர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கேசட் மெசினின் உள்ளே துடைத்தார். பிறகு போட்டார்.

"பாப்பா! நான் நல்லா இருக்கேன்டி தங்கம்!"

அது அம்மா. ஸ்டேஷனில் என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போன அதே அம்மா. தடித்த குரல் எங்கேயோ போய்விட்டது. மெல்லிய, வேகமான, துறுதுறுவென்ற குரல். வேளைக்குச் சாப்பிடுறேன், மேடம் நல்லவுங்க, எல்லாம் மடமடவென்று வந்தது. அந்தச் சிறுமி பாடியதைப் போலவே குதூகலமாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "அம்மா சிரிக்குது! அம்மா சிரிக்குது!" என்று அந்தப் பின்னறையில் குதித்தேன். பாஸ் சிரித்தார், மாஸ்டர் சிரித்தார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மிஸ்ஸி சிரிக்கவில்லை. "ரெண்டாஞ்சுத்து" என்றார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மாவின் கேசட்டுக்கும் இரண்டாம் சுற்று! நாலு பேரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன், ஆனால் இடுக்கு வழியாக அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி ஒரு குமிழைத் திருகினார். அம்மாவின் மூச்சுச் சத்தம் கூடியது. மிஸ்ஸியின் கை தன் விலாப் பக்கம் போய் அங்கேயே நின்றது. கேசட் முடிந்தது. யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று நான் காத்திருந்தேன்.

ஒருவரும் பேசவில்லை.

பெரியவருக்குக் கிடைத்ததை விட நீளமான அமைதி. மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டே பாடாமல், சும்மா பேசியே, என் அம்மா முதல் பரிசு வாங்கிவிட்டாள்.

"வாரும் பிள்ளை, மாலுபாண் வாங்குவம்" என்று மாஸ்டர் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அன்றைக்கு அவர் எனக்கு இரண்டு வாங்கித் தந்தார். வழியெல்லாம் அம்மாவின் பரிசைப் பற்றியே பேசினேன். அவர் ஓம், ஓம் என்று ஆமோதித்துக்கொண்டே வந்தார். திரும்பி வந்தபோது மிஸ்ஸி மாமாவிடம் ஏதோ தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். ரயிலில் மாமா என்னை மடியில் வைத்துக்கொண்டார். பெரியவரைப் பலகை ஆசனத்தில் சும்மா வைத்திருந்தார். தெமோதரையில் இறங்கும்போது நான்தான் ஞாபகமாக எடுத்துக்கொடுத்தேன்.

அன்று அவர்கள் கேட்டது என்னவென்று மாமா பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். அம்மா ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் மூச்சை இழுத்தாள். இழுத்தது பாதியில் அறுந்தது. மறுபடி இழுத்தாள், மறுபடி அறுந்தது. விலா எலும்பு முறிந்தவர்கள்தான் அப்படி மூச்சு விடுவார்கள் என்று வார்டில் எத்தனையோ இரவு கேட்டிருந்த மிஸ்ஸிக்குத் தெரியும். வெயிலில் காய்ந்த பேட்டரியில் மெதுவாக ஓடியதில், அந்த அறுந்த மூச்சுத்தான் எனக்கு நீளமான, நிம்மதியான மூச்சாகக் கேட்டிருந்தது. மேடம் நல்லவுங்க என்று சொல்லுமிடத்தில், பின்னால் ஒரு கதவை வெளியிலிருந்து பூட்டும் சத்தமும் இருந்ததாம். அதைப் பாஸ் கண்டுபிடித்தார். பூட்டுச் சத்தம் கேட்ட பிறகுதான் அம்மாவின் குரலில் குதூகலம் இன்னும் ஏறியிருக்கிறது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மாறிப்போயின. மாமா ரெக்கோட் பிளேயரைத் தொடவில்லை. தோட்டத்தில் லீவு போட்டுவிட்டு மிஸ்ஸியோடு கொழும்புக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். ஆங்கிலத்தில் பேச வேண்டிய இடங்களுக்கு மாஸ்டரும் போனார். பாஸ் அந்தக் கேசட்டைப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார். போன இடத்தில் எல்லாம் அதைப் போட்டுக் காட்டினார்களாம். வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களைக் கவனிக்கும் ஒரு அலுவலகத்தில், பொம்பிள நல்லா இருக்கேன்னு சொல்லுது, சிரிச்சுப் பேசுது, உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டாராம் அங்கிருந்த அதிகாரி. "சேர், கண்ண மூடிக்கிட்டு இன்னொரு தடவ கேளுங்க" என்று மிஸ்ஸி அவர் மேசை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாராம். அவர் கேட்டார். பிறகுதான் தொலைபேசியை எடுத்தார்.

எனக்கு இதொன்றும் தெரியாது. அம்மா பாட்டுப் போட்டியில் ஜெயித்ததாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாமா கொழும்புக்குப் போவது அந்தப் பரிசை வாங்கத்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அத்தை எனக்குத் தலை சீவி, நல்ல சட்டை போட்டு, ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். ரயில் நின்றது. முதலில் மாமா இறங்கினார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. மற்றப் பெண்கள் திரும்பி வரும்போது பெரிய பெட்டி, கம்பளி, டீவி எல்லாம் வரும். நான் ரயிலின் இரண்டு பக்கமும் பார்த்தேன். பெட்டி ஒன்றும் வரவில்லை. போகட்டும், அம்மா வந்துவிட்டாளே. ஓடிப்போய் முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினேன்.

அம்மா குனிந்தாள். என் அக்குளில் கை வைத்தாள். பாதியில் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகக் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்தாள்.

"ஆத்தாடி, என்னா கனம் கனக்குது எம்புள்ள! அம்மாவால தூக்க முடியலயே!" என்று சிரித்தாள்.

மாமா சட்டென்று வந்து என்னைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். லயத்துக்கு ஏறும் பாதையில் அம்மா அடிக்கடி நின்று நின்று வந்தாள். நான் தோளின் மேலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அத்தனை கனமாகிவிட்டேனா நான் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு வீட்டில் கோழிக்கறி. அத்தை என் தட்டில் குவித்து வைத்தார். நான் பாதியை ஒதுக்கிவிட்டேன். மறுநாளும் ஒதுக்கினேன். ஏன் சாப்பிடவில்லை என்று அத்தை அதட்டினாலும் காரணத்தைச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் அப்படித்தான் போயிற்று. காலையில் எழுந்ததும் அம்மா முன்னால் போய், இன்றைக்குக் குறைந்திருப்பேன் என்று, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பேன்.